‘ஓரிரு இடங்களில்’ என்றால் எத்தனை இடம்?

சித்திரை வெயிலில் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் மொட்டை மாடிகள் வெளுத்துக் கிடக்கும். பழைய வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, விடியுமுன் காய்ச்சிய கூழைக் கரண்டி கரண்டியாக ஊற்றியிருப்பார்கள். ஒரு நாள் வெயில் தவறினால் வத்தல் புளித்துப்போகும். மழை பட்டால் மொத்தமும் வீண். அதனால் அப்பத்தாவின் காலைக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “ஏப்பா, நியூஸ்ல மழையப் பத்தி என்னமும் சொன்னானா?”

“சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்” என்று படித்துக் காட்டுவேன். “அதுல நம்ம ஊரு இருக்கா இல்லையா?” என்பார். பதில் தெரியாது. அன்று சாயங்காலம் பள்ளத்தூரில் தெருவெல்லாம் தண்ணீர் ஓடும், கோட்டையூரில் ஒரு சொட்டு விழாது. இரண்டு ஊருக்கும் நடுவே சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். நனைந்தவர்கள் அறிக்கையை மறந்துவிடுவார்கள், நனையாதவர்கள் “இவனுக சொல்லி என்னைக்கு மழை பெஞ்சிருக்கு” என்பார்கள்.

நானும் பல வருஷம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. மரக்கால், படி, ஆழாக்கு போல அவையும் அளவைகள். அளவு தெரியாமல் கேட்டால் மழுப்பலாகத்தான் காதில் விழும்.

‘ஓரிரு இடங்களில்’ என்பது, ஒரு பகுதியில் இருக்கும் மழைமானிகளில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகும் என்று பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் கால் பங்குக்கு மேல், பாதி வரை. அதற்கு மேல் முக்கால் பங்கு வரை ‘பல இடங்களில்’. முக்காலையும் தாண்டினால் ‘பெரும்பாலான இடங்களில்’. பதிவு என்று கணக்கில் எடுக்கக் குறைந்தது 2.5 மில்லிமீட்டராவது பெய்திருக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் எட்டு மழைமானிகள் என்று வைத்துக்கொள்வோம். ‘ஓரிரு இடங்கள்’ என்ற அறிவிப்பு பலிக்க ஒன்றிலோ இரண்டிலோ மழை விழுந்தால் போதும். மீதி ஆறு காய்ந்து கிடக்கும் என்பதும் அந்த அறிவிப்புக்குள்ளேயே இருக்கிறது. அப்பத்தாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: நாலில் மூணு பங்கு இடத்தில் வத்தல் காயும்.

மழையின் கனத்துக்கும் இப்படிப் படிக்கட்டு உண்டு. 24 மணி நேரத்தில் 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை. 64.4 வரை மிதமான மழை. 64.5-இல் தொடங்குவது கனமழை. 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை. 204.5-ஐத் தாண்டினால் அதி கனமழை. இந்தப் படிக்கட்டில் ‘மிதமான’ என்ற சொல்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. 60 மில்லிமீட்டர் மழை ஒரே மணி நேரத்தில் கொட்டினால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஆனால் ஒரு நாள் கணக்கில் அது ‘மிதமான மழை’யில்தான் சேரும். இதை அறிவிப்பவர்கள் அடிக்கடி விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

நம்மிடமும் மழைக்குச் சொந்தமாக அளவு இருந்தது. ‘ஒரு உழவு மழை பெஞ்சிருக்கு’ என்று இன்றும் சொல்கிறார்கள். கொழு இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். அது மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரைச் சொல்கிறது, மில்லிமீட்டர் வானத்திலிருந்து விழுந்த தண்ணீரைச் சொல்கிறது. செம்மண் பொட்டலில் ஒரு உழவுக்குப் போதுகிற மழை, கரிசலில் போதாது. விவசாயிக்கு முதல் கணக்கு வேண்டும். ஆனால் தேவகோட்டையையும் தொண்டியையும் ஒப்பிடவோ, இந்த வருஷத்தைப் போன வருஷத்தோடு ஒப்பிடவோ மண்ணைச் சாராத அளவு ஒன்று வேண்டியிருக்கிறது.

மில்லிமீட்டரை மனக்கண்ணில் பார்க்க, நடுவில் முற்றம் வைத்த நம் வளவு வீடுகளே போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். நாலு பக்க ஓட்டுத் தாழ்வாரமும் சேர்ந்து 500 சதுர மீட்டர் கூரையுள்ள வீடு என்றால், பத்து மில்லிமீட்டர் மழைக்கு 5,000 லிட்டர் முற்றத்தில் வந்து இறங்கும். அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்ததுபோக மீதி வெளியே போய் ஊரணியில் சேரும். கனமழையின் முதல் படியான 64.5 மில்லிமீட்டர் பெய்தால் அதே கூரையிலிருந்து 32,000 லிட்டருக்கு மேல். மழையை எதிர்பார்த்துக் கட்டிய வீடுகள் இவை. தரையை உயர்த்திக் கட்டியதற்குக் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவுதான் காரணம் என்று நகரத்தார் வீடுகளில் வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த மில்லிமீட்டரை யார் அளக்கிறார்கள்? தினமும் காலை 8.30 மணிக்கு ஒருவர் மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடி அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்க்கிறார். மழை விழும் வாய் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. தேவகோட்டை, காரைக்குடி, திருப்பத்தூர், மானாமதுரை, இளையான்குடி என்று மறுநாள் செய்தித்தாளில் வரிசையாக வரும் எண்கள் இப்படி அளந்தவைதான். சிவகங்கை மாவட்டம் ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பரப்புக்கும் இந்தச் சின்ன வாய்கள்தான் சாட்சி. மழைமானி இருக்கும் வளாகத்தில் பெய்யாமல் அடுத்த தெருவில் பெய்தால், ஏட்டைப் பொறுத்தவரை அன்று மழை இல்லை. தானாக அளந்து அனுப்பும் கருவிகள் இப்போது கூடிவருகின்றன. அவற்றுக்கும் கவனிப்பு வேண்டும். வாயில் ஒரு சருகு விழுந்து அடைத்தால் தப்பான எண்தான் போகும்.

காலை 8.30 என்ற நேரம் இன்னொரு குழப்பத்துக்கும் காரணம். வானிலைத் துறையின் மழை நாள் நேற்று காலை 8.30-க்குத் தொடங்கி இன்று காலை 8.30-க்கு முடிகிறது, கணக்கு இன்றைய தேதியில் ஏறும். 17-ஆம் தேதி ராத்திரி பெய்த மழை 18-ஆம் தேதியின் மழையாக அச்சாவதைப் பார்த்து, “தேதியைக்கூடச் சரியாப் போடத் தெரியல” என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கிரீன்விச் நேரப்படி அது அதிகாலை 3 மணி. உலகம் முழுவதும் ஒரே நொடியில் அளந்தால்தான் காற்றழுத்தத்தை ஒரே வரைபடத்தில் போட முடியும் என்பதற்காக வகுத்த நேரங்களில் ஒன்று. மதுரை விமான நிலையத்திலும் தொண்டியிலும் பாம்பனிலும் அதே நேரத்தில் வெப்பமானியைப் பார்க்கிறார்கள். அந்த வெப்பமானி வெள்ளை வண்ணம் பூசிய மரச் சட்டப் பெட்டிக்குள், நிழலில், காற்றோட்டமாக, ஓர் ஆளின் இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் இருக்கும். நம் மொட்டை மாடியின் சூடு அதில் தெரியாது, தெரியவும் கூடாது.

தரையில் அளப்பது பாதிக் கதைதான். மழை உருவாகும் இடம் மேலே. தினமும் காலை 5.30-ஐயும் மாலை 5.30-ஐயும் ஒட்டி, சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒரு பெரிய பலூன் ஏறுகிறது. அடியில் தொங்கும் சிறிய கருவி வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் அளந்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே 30 கிலோமீட்டர் உயரம் வரைகூடப் போகும். அங்கே பலூன் விரிந்து வெடித்துவிடும். அதே நேரத்தில் உலகெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் பலூன்கள் ஏறுகின்றன. சேட்டிலைட் வந்த பிறகு எதற்கு பலூன் என்று கேட்பவர்கள் உண்டு. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று பார்க்கும் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் ஆகியவை மேகத்தின் தலையைத் தெளிவாகக் காட்டும். அந்த மேகத்துக்குக் கீழே எத்தனை கிலோமீட்டருக்கு ஈரம் இருக்கிறது என்பதைத் தொட்டு அளந்து சொல்ல இன்னும் பலூன்தான் வேண்டும்.

செட்டிநாட்டுக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ரேடாரைப் பற்றித்தான். நம்மை நன்றாகப் பார்க்கும் வானிலை ரேடார் காரைக்காலில் இருக்கிறது. காரைக்குடிக்கும் அதற்கும் நேர்தூரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ரேடார் அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பி வர ஆகும் நேரத்தையும் அதன் வலுவையும் வைத்து, எங்கே எவ்வளவு மழை, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள். அலை ஓரளவு நேராகப் போகிறது, பூமியோ வளைந்து கீழே இறங்குகிறது. கிடைமட்டத்திலிருந்து அரை டிகிரி மட்டும் உயர்த்தி அனுப்பினால்கூட, காரைக்குடிக்கு வரும்போது அலை தரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் மேலே போய்க்கொண்டிருக்கும். ஆக, ரேடார் பார்ப்பது நம் கூரைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கும் மழையை. அங்கே சிவப்பாகத் தெரிவது தரைக்கு வருமுன் சித்திரைச் சூட்டில் ஆவியாகிப் போகலாம். இரண்டரை கிலோமீட்டருக்குக் கீழேயே இருக்கும் தாழ்ந்த மேகம் தூறினால் ரேடாருக்குத் தெரியாமலும் போகலாம். சென்னையில் ரேடார் இருப்பதும், அந்த நகரத்து அறிவிப்பு கூடுதல் நுணுக்கமாக இருப்பதும் தற்செயல் இல்லை. உள் மாவட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு ரேடார் கேட்பது ஆடம்பரம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

இவ்வளவு எண்களும் கடைசியில் கணினிக்குப் போகின்றன. புனேயில் ‘அர்கா’, நொய்டாவில் ‘அருணிகா’ என்று இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் 2024 செப்டம்பரில் வந்தன. வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றைப் போட்டு, அடுத்த சில நிமிடத்தில் என்ன ஆகும் என்று பௌதிக விதிகளால் கணக்கிடுகிறார்கள். பிறகு அதற்கடுத்த சில நிமிடம். இப்படியே பத்து நாள் வரை. நம் நாட்டு மாடலில் ஒரு கட்டம் 12 கிலோமீட்டராக இருந்தது. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு அமைப்பில் அது 6 கிலோமீட்டராகச் சுருங்கியது. பழைய கணக்கில் சிவகங்கை மாவட்டம் முப்பதுக்கும் குறைவான கட்டங்களுக்குள் அடங்கிவிடும். புதியதில் நூற்றுக்குச் சற்று மேல். சித்திரை மாதத்து இடிமேகம் ஒன்றின் அகலமே ஐந்து, பத்து கிலோமீட்டர்தான். மதியம் இரண்டு மணிக்குப் பொட்டல் காய்ந்து சூடான காற்று மேலே எழும்பி, பாக் நீரிணையிலிருந்து வரும் கடல்காற்று எதிரே வந்து முட்டும் இடத்தில் திடீரென்று கட்டும் மேகம் அது. ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். அது பள்ளத்தூரா கோட்டையூரா என்று முதல் நாளே சொல்ல இன்றைக்கு உலகத்தில் எந்த வானிலை மையத்தாலும் முடியாது. ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல் அந்த இடத்தில்தான் பிறக்கிறது. அறிந்ததற்கு மேல் சொல்லாத நேர்மை அதில் இருப்பதாக நான் மதிக்கிறேன்.

புயலுக்கு இந்தக் கஷ்டம் வேறு விதம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் சுழலும் அமைப்பு கட்டங்களுக்கு நடுவே தப்பிக்க முடியாது. அது எங்கே திரும்பும் என்பதுதான் கேள்வி. 2018-இல் கஜா வந்தபோது கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று ஒரு கட்டத்தில் அறிவித்தார்கள். நேர்கோட்டில் 250 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை அது. நேரம் நெருங்க நெருங்க அந்த இடைவெளி சுருங்கி, நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரையேறியது. எச்சரிக்கை பலித்தது. ஆனால் புயல் என்றால் கடற்கரைக்கு என்று உள் மாவட்டத்துக்காரர்களின் மனதில் ஊறியிருந்தது. கரையேறிய கஜா சட்டென்று அடங்கவில்லை. மேற்கே நகர்ந்து புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் சாய்த்தது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. தாழ்வு மண்டலத்துக்குக் காற்று மணிக்கு 31 கிலோமீட்டரில் தொடங்குகிறது, 62-ஐத் தாண்டினால் புயல், 89-இல் தீவிர புயல், 118-இல் அதிதீவிர புயல் என்ற படிக்கட்டைக் கடலோரத்தார் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது.

இதில் சொல்லியாக வேண்டிய இன்னொன்று: நம் ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. கானாடுகாத்தானும் தேவகோட்டையும் சிவகங்கையில், ராயவரமும் கடியாபட்டியும் பொன்னமராவதியும் புதுக்கோட்டையில். அறிவிப்பு வருவது மாவட்டக் கணக்கில். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் இரண்டு மாவட்டத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தத் துறையின் வரலாற்றை நாலு வரியில் சொல்லிவிடலாம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகம்தான் தமிழ்நாட்டில் தொடக்கம். தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறித்த அதன் கல்தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் பிறந்தது. ஹென்றி பிளான்ஃபோர்டு முதல் தலைவர். அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம். மழை பொய்க்குமா என்று முன்கூட்டித் தெரிந்தாக வேண்டிய அவசரத்தில், இமயமலையின் பனி அளவைப் பார்த்துத் தென்மேற்குப் பருவமழையைக் கணிக்க அவர் முயன்றார். பின்னால் வந்த கில்பர்ட் வாக்கர் பசிபிக் கடலின் காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டுசொன்னார். பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ பற்றிய இன்றைய பேச்சுக்கு அதுதான் வேர். எல் நினோ வருஷத்தில் வடநாட்டில் மழை குறையும் வாய்ப்பு அதிகம், நமக்கு ஐப்பசி கார்த்திகையில் கூடும் வாய்ப்பு அதிகம். டெல்லி செய்தியைக் கேட்டு நம் கண்மாயைக் கணக்குப் போடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

பஞ்சாங்கத்தில் கர்ப்போட்டம் என்று ஒன்று இருக்கிறது. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் பதினான்கு நாளும் மேகத்தைக் கவனித்து, வரும் வருஷத்து மழையைச் சொல்வது. பிளான்ஃபோர்டு பனியில் தேடியதை நம்மவர்கள் மார்கழி மேகத்தில் தேடினார்கள். இரண்டும் ஒரே தவிப்பிலிருந்து வந்தவை. ஆனால் எத்தனை வருஷம் பலித்தது, எத்தனை வருஷம் தவறியது என்று கர்ப்போட்டத்துக்கு யாரும் ஏடு வைக்கவில்லை. காலை 8.30 மணிக் குடுவைக்கு ஏடு இருக்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது என்று சொல்ல முடிந்ததும், அடுத்த மாதமே வறட்சி அறிவிக்க முடிந்ததும் அந்த ஏட்டினால்தான்.

நிறங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சைக்கு எச்சரிக்கை இல்லை. மஞ்சள் கவனித்துக்கொண்டிரு என்கிறது, ஆரஞ்சு தயாராக இரு என்கிறது, சிவப்பு வந்தால் உடனே செயல்பட வேண்டும். நிறத்தை மழையின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. நடக்கும் வாய்ப்பும், நடந்தால் வரும் பாதிப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. அதி கனமழைக்கு மேலே படி கிடையாது. 2023 டிசம்பர் 18 காலை 8.30-க்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 21 சென்டிமீட்டருக்கும் 95-க்கும் ஒரே பெயர். கேட்பவருக்கு அந்த வித்தியாசத்தை உணர்த்த ஒரு சொல் வேண்டும் என்று அப்போதே தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

எத்தனை நாள் முன்னால் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து நாம் வைக்கும் நம்பிக்கையும் மாற வேண்டும். பருவம் முழுமைக்குமான கணிப்பு கண்மாய் மடையைச் சரிபார்க்க உதவும். வியாழக்கிழமைதோறும் வரும் நாலு வாரக் கணிப்பு விதைப்பை யோசிக்க உதவும். செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் அறிவிப்பு மருந்து அடிக்கலாமா, உரம் போடலாமா என்பதற்கு. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்புதான் வத்தலுக்கும் ஆடு மேய்ப்பவருக்கும். தேவகோட்டைப் பக்கம் பொட்டலில் மரம் குறைவு. மின்னல் வெட்டும்போது மேய்ப்பவர்தான் அங்கே உயரமான பொருள். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். மேய்ச்சலுக்குப் போகிறவரின் வீட்டில் ஒருவர் போனிலாவது அது இருக்க வேண்டும். எங்கள் தெருவில் நான் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அப்பத்தா கேட்டால் காலையில் நான் மாவட்ட அறிவிப்பைப் பார்க்கிறேன். ‘ஓரிரு இடங்களில்’ என்றிருந்தால் வத்தல் ஊற்றச் சொல்லிவிடுகிறேன். ‘பல இடங்களில்’ என்றால் வேண்டாம் என்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் காரைக்கால் ரேடார் படத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் சிவப்புப் புள்ளி முளைத்தால் அரை மணி நேரம் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கிறேன். நம் பக்கம் வந்தால், “அப்பத்தா, வேட்டியச் சுருட்டுங்க” என்று கீழேயிருந்து குரல் கொடுக்கிறேன். போன சித்திரையில் மூன்று தடவை சுருட்டினோம். ஒரு தடவை மழை வந்தது. சுருட்டாத நாள் ஒன்றிலும் வத்தல் நனையவில்லை.